அயல்நாட்டுக் கருவிகளுக்கு மாற்று அடாப்டர் வாங்குதல்

வெளிநாட்டில் செய்யப்பட்ட மின்னணுக் கருவி ஒன்றேனும் இல்லாத கிராமம் இன்று அரிது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சத்தை அளக்கும் கருவி இருக்கிறது. பஞ்சாயத்து அலுவலகத்தில் இணைய இணைப்புக்கான பெட்டியும், வாசலில் கண்காணிப்புக் காமிராவும் இருக்கின்றன. விவசாயியின் வீட்டுத் திண்ணையில் பாட்டரியால் இயங்கும் மருந்து தெளிப்பான் கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மகன் கொண்டு வந்து கொடுத்த வானொலிப் பெட்டி கூடத்தில் அமர்ந்திருக்கிறது. இவை யாவற்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. சுவரிலுள்ள மின்சாரத்தை இவை நேரே ஏற்பதில்லை. நடுவே ஒரு சிறு கறுப்புப் பெட்டி நின்று, அம்மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. அடாப்டர் என்று நாம் வழங்குவது இதனையே.

கருவி பத்து ஆண்டு உழைத்தாலும் அடாப்டர் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. மின்னழுத்தத்தின் ஏற்றத் தாழ்வும், இடி மின்னலும், எலியின் பல்லும் முதலில் தாக்குவது அதைத்தான். அது பழுதாவதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அது பழுதான அன்று அவசரத்தில் வேறொன்றைச் செருகுகிறோமே, அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்த ஒரு பால் சங்கத்தில் இவ்வாறு நேர்ந்தது. அங்கிருந்த பரிசோதனைக் கருவி பல்கேரியா நாட்டில் செய்யப்பட்டது. பாலில் ஒலியலைகளைச் செலுத்தி, கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் கணித்துச் சொல்லும். ஒரு நாள் விடியற்காலையில், வாசலில் பால் கேன்களுடன் உறுப்பினர்கள் வரிசையில் நிற்க, அடாப்டர் உயிரை விட்டது. அலுவலகத்து மடிக்கணினியின் அடாப்டர் அருகில் கிடந்தது. அதன் முனை கருவியின் துவாரத்துள் நுழைந்தது. சற்றுத் தளர்வாக இருந்தாலும் நுழைந்துவிட்டது. கருவி ஒரு கணம் ஒளிர்ந்தது. பின்பு கருகிய நாற்றம் எழுந்தது. கருவிக்கு வேண்டியது 12 வோல்ட்; மடிக்கணினியின் அடாப்டர் கொடுத்தது 19 வோல்ட்.

பழுது பார்க்கப் போன கருவி திரும்பி வர மூன்று வாரங்கள் ஆயின. அந்நாட்களில் எல்லாருடைய பாலுக்கும் சராசரித் தரம் என்று ஒரே விலை போடப்பட்டது. எருமை வைத்திருந்தவர்களும், பருத்திக் கொட்டையும் புண்ணாக்கும் போட்டு மாட்டைப் பேணியவர்களும் தங்கள் பாலின் கொழுப்புக்கு உரிய விலையை இழந்தார்கள். தண்ணீர் கலந்து ஊற்றியவர் யாரேனும் இருந்திருந்தால் அவருக்கு மட்டும் லாபம். இத்தனைக்கும், சரியான அடாப்டர் பக்கத்து நகரத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்திருக்கும்.

துவாரத்தில் நுழைவதெல்லாம் கருவிக்கு ஒத்தது ஆகாது. எது ஒத்தது என்பதை அடாப்டரின் முதுகிலுள்ள சிறு எழுத்துக்களே சொல்கின்றன. அவற்றைப் படிக்கும் முறையை இங்கே விளக்க முயல்வோம்.

பெட்டி செய்யும் வேலை

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது, ஏ.சி. எனப்படுவது இது. கருவியின் உள்ளிருக்கும் நுண்ணிய பாகங்களுக்கோ, ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம் வேண்டும், அதுவும் 5, 9, 12 என்று மிகக் குறைந்த வோல்ட்டில் வேண்டும். அழுத்தத்தைக் குறைப்பது, அலைவதை ஒரு திசைப்படுத்துவது என்னும் இவ்விரண்டு காரியங்களையும் அடாப்டர் செய்கிறது.

பழைய அடாப்டர்கள் கையில் எடுத்தால் கனக்கும். உள்ளே இரும்புத் தகடுகளும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், சுமை இல்லாதபோது 16 அல்லது 17 வோல்ட் வரை காட்டும். எழுதப்பட்ட மின்னோட்டத்தைக் கருவி முழுமையாக இழுக்கும்போதே 12-க்கு இறங்கும். இக்காலத்து அடாப்டர்கள் இலேசானவை. இவை சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த அழுத்தத்தை ஏறக்குறைய அப்படியே நிறுத்தி வைக்கும். ஆகவே பழைய கனத்த அடாப்டர் போன இடத்தில் அதே அளவுள்ள புதிய இலேசான அடாப்டரை வைப்பதில் பெரும்பாலும் தவறில்லை. புதியது இருந்த இடத்தில் பழையதை வைக்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

உள்ளே வரும் மின்சாரம்

அடாப்டரின் முதுகில் இரண்டு வரிகள் முக்கியமானவை. 'இன்புட்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரி, சுவரிலிருந்து அது எவ்வகை மின்சாரத்தை ஏற்கும் என்பதைக் கூறும். அங்கே 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் கவலை வேண்டாம். அது உலகின் பெரும்பாலான நாடுகளில் இயங்கும். கிராமங்களுக்கு இதனால் மேலும் ஒரு நன்மை உண்டு. மாலை நேரத்தில் எல்லா வீட்டு விளக்கும் எரிந்து, மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் இவ்வகை அடாப்டர் தளராமல் வேலை செய்யும்.

வெறுமனே 120 என்று போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்கு உரியது. 100 என்று மட்டும் இருந்தால் ஜப்பானுக்கு உரியது. இவற்றை நம் சுவரில் செருகினால் இரு மடங்கு அழுத்தம் உள்ளே பாயும். பெட்டி சில நிமிஷங்களில் சூடேறிக் கருகும். சிங்கப்பூர், மலேசியா நாடுகளின் மின்னழுத்தம் நம்முடையதை ஒத்தது. அங்கே முனைகளின் வடிவம்தான் வேறு.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கப் பொருளின் முனைகள் தட்டையாக இருக்கும். நம் சுவர்த் துவாரங்கள் உருண்டை. கடையில் ஒரு சிறு முனைமாற்றி வாங்கி மாட்டியதும் பொருள் நம் நாட்டுக்கு ஏற்றதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். முனைமாற்றி முனையை மட்டும் மாற்றும். அழுத்தத்தில் ஒரு வோல்ட் கூட அது குறைக்காது.

இவ்வாறு 120 வோல்ட் அடாப்டருடன் வந்த கருவிக்கு என்ன செய்வது? பெரிய இறக்குமின்மாற்றி ஒன்றை வாங்கி வைக்கும்படி சிலர் யோசனை கூறுவார்கள். கருவி தன் மின்சாரத்தை அடாப்டர் வழியாகவே பெறுமானால் அந்தச் செலவு வீண். அமெரிக்க அடாப்டரை ஒதுக்கிவிட்டு, அதே வெளியீடு தரும் இந்திய அடாப்டர் ஒன்றை வாங்கினால் போதும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. அடாப்டர் இல்லாமல் நேரே சுவரில் செருகும் அமெரிக்கப் பொருள்களுக்கே இறக்குமின்மாற்றி வேண்டும். அங்கும் அது அழுத்தத்தைத்தான் மாற்றும், அலைவு எண்ணை மாற்றாது. அமெரிக்காவில் அலைவு 60, நமக்கு 50. அந்த அலைவைக் கொண்டே ஓடும் மேசைக் கடிகாரம் ஒன்றை இங்கே ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் 50 நிமிஷமே நகரும்.

வெளியே செல்லும் மின்சாரம்

'அவுட்புட்' என்னும் வரியே கருவியின் உயிர்நிலை. இதில் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட். 'வி' என்னும் ஆங்கில எழுத்தோடு இருக்கும் எண் அது. பழைய அடாப்டரில் 12 என்றிருந்தால் புதியதும் 12. ஒன்பதுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பத்தொன்பது என்று பேரம் பேச இடமில்லை. கூடினால் கருகும், குறைந்தால் இயங்காது, அல்லது தப்பாக இயங்கும். அளவைக் கருவி தப்பாக இயங்குவது நின்று போவதைக் காட்டிலும் மோசமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஆம்பியர். 'ஏ' என்றோ, 'எம்ஏ' என்றோ எழுதியிருக்கும். 1000 எம்ஏ ஓர் ஆம்பியர். ஆகவே 500 எம்ஏ என்பது அரை ஆம்பியர். இங்கே விதி வேறு. பழையதில் உள்ள அளவோ அதற்கு மேலோ இருக்கலாம்; குறையக்கூடாது. 1 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் அது எரிந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். அந்த அச்சம் தேவையற்றது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியின் உயரத்தால் குழாய்க்கு வரும் அழுத்தம் வோல்ட் போன்றது. அதிகமானால் குழாய் வெடிக்கும். தொட்டி எவ்வளவு தண்ணீர் தர வல்லது என்பது ஆம்பியர் போன்றது. தொட்டி எவ்வளவு பெரியதாயினும், திறந்த குழாயின் அளவுக்கே தண்ணீர் வருகிறதல்லவா? அவ்வாறே கருவியும் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் தொட்டி சிறியதானால் துன்பம் உண்டு. பஞ்சாயத்து அலுவலகங்களில் காமிரா பகலெல்லாம் ஒழுங்காகக் காட்டுகிறது, இரவில் அணைந்து அணைந்து எரிகிறது என்று முறையிடுகிறார்கள். காமிராவில் கோளாறு என்று புதியது வாங்கவும் தீர்மானம் போடுகிறார்கள். இருட்டியவுடன் காமிராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. மின்னோட்டம் பகலில் எடுத்ததைவிட மிகுகிறது. சிறிய அடாப்டர் அதைத் தாங்காமல் தளர்கிறது. நீண்ட மெல்லிய கம்பி வழியே மின்சாரம் சென்றால் வழியிலேயே அழுத்தம் குறைந்து, தொல்லை இன்னும் மிகும். ஒரே பெட்டியிலிருந்து நான்கு காமிராக்களுக்கு மின்சாரம் கொடுப்பதாயின், நான்கின் ஆம்பியரையும் கூட்டி, அதற்கு மேலும் சிறிது வைத்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, வெளிவருவது டி.சி. தானா என்பது. ஒரு நேர்கோடும் அதன் கீழ் விட்டு விட்டுப் போட்ட கோடும் டி.சி.யின் அடையாளம். பாம்பு போல் நெளிந்த கோடு ஏ.சி.யின் அடையாளம். ஒலிபெருக்கிச் சாமான்கள் சிலவற்றுக்கு அடாப்டரிலிருந்தும் ஏ.சி.யே வரும். அவற்றுக்கு டி.சி. கொடுத்தாலும், டி.சி. கேட்பதற்கு ஏ.சி. கொடுத்தாலும் கெடுதியே. இவ்வகை அடாப்டர் குறைவாதலால் எளிதில் ஏமாறுவோம்.

நான்காவதாக, எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்று அறிய வேண்டும். உருண்டை முனையின் உட்புறம் ஒரு முனையாகவும், வெளிப்புறம் மற்றொன்றாகவும் அமைந்திருக்கும். முதுகில் ஒரு புள்ளியும், அதைச் சூழ்ந்த அரைவட்டமும், இரண்டிலிருந்தும் புறப்பட்ட கோடுகளின் நுனியில் கூட்டல் கழித்தல் குறிகளும் வரைந்திருப்பார்கள். புள்ளியோடு சேர்ந்த குறியே நடுவில் உள்ளது. பெரும்பாலான கருவிகளில் நடுவே பிளஸ். ஆனால் கிதாருக்கான ஒலிமாற்றுப் பெட்டிகளில் வழக்கமாக நடுவே மைனஸ். கீபோர்டுகள் சிலவற்றிலும் அப்படியே. ஆதலின் பஜனை மடத்துக் கீபோர்டுக்கு, வோல்ட் ஒத்திருக்கிறதே என்று இணையப் பெட்டியின் அடாப்டரைக் கழற்றி மாட்டக்கூடாது. சில கருவிகளில் தலைகீழாக வரும் மின்சாரத்தைத் தடுக்கும் பாகம் வைத்திருப்பார்கள். எல்லாக் கருவிகளிலும் அது இராது.

இவை நான்கும் ஒத்த பின்பே முனையின் அளவைப் பார்க்க வேண்டும். நாமோ அதைத்தான் முதலில் பார்க்கிறோம். மிகுதியாக வழங்குவது வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் உள்ள முனை. அதிலும் உட்துளை 2.1 என்றும் 2.5 என்றும் இரு வகை உண்டு. கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது அரிது. 2.5 துளை முனையை 2.1 ஊசியில் செருகினால் நுழையும். தளர்வாக இருந்து பொறி பறக்கும். முன் சொன்ன பால் சங்கத்தில் நுழைந்த முனையும் இவ்வாறு தளர்ந்திருந்ததே. 2.1 துளை முனையோ 2.5 ஊசியில் நுழையவே நுழையாது.

கைபேசிகளுக்கு வரும் யு.எஸ்.பி. அடாப்டர்களில் முனையும் வோல்ட்டும் பெரும்பாலும் உலகப் பொதுவாக அமைந்துள்ளன. புதிய சி வகை முனையுள்ளவை கருவியோடு குறிப்பால் பேசி, அது கேட்டால் ஒழிய 5 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதில்லை. அவற்றைப் பற்றி இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

தெளிப்பானின் சார்ஜர்

விவசாயிகள் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இது. மருந்து தெளிப்பானோடு வரும் பெட்டியும் பார்வைக்கு அடாப்டர் போலவே இருக்கும், வேலையோ வேறு. அடாப்டர் கருவியை இயக்க மட்டுமே மின்சாரம் தருகிறது. சார்ஜர் பாட்டரிக்குள் மின்சாரத்தை அளந்து ஏற்றி, நிறைந்ததும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

தெளிப்பான்களில் இரு வகைப் பாட்டரிகள் வருகின்றன. ஈய அமிலப் பாட்டரி கனமானது. 12 வோல்ட் என்று பெயரானாலும், அதை நிறைக்கச் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்ற வேண்டும். லித்தியம் பாட்டரி இலேசானது. 12 வோல்ட் என்று விற்கப்படுபவற்றில் பல, மூன்று அறைகளைத் தொடராக இணைத்தவை. ஓர் அறை 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஆக மூன்றும் சேர்ந்து 12.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும். ஈயப் பாட்டரியின் சார்ஜரை இதில் மாட்டினால் எல்லை மீறி ஏறும். உள்ளே பாதுகாப்புச் சுற்று இருந்தால் அது தடுக்கும். அச்சுற்று இல்லாவிட்டாலோ, பழுதாகியிருந்தாலோ பாட்டரி வீங்கும், சூடேறும், தீப்பற்றவும் கூடும்.

இவ்வளவு தெரிந்தவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. பழைய ஈயப் பாட்டரி வலுவிழந்ததும், முதுகுப் பாரம் குறையட்டும் என்று கடைக்காரரிடம் லித்தியம் பாட்டரி போட்டுக்கொள்கிறார்கள். பழைய சார்ஜர் வீட்டிலேயே ஆணியில் தொங்குகிறது. முனையும் அதே முனை. அன்று இரவே அதைச் செருகிவிட்டு உறங்கப் போகிறார்கள். பாட்டரியின் வகையை மாற்றினால் சார்ஜரையும் அன்றே மாற்ற வேண்டும். பழையதை வீட்டில் வைக்காமல் கடையிலேயே கொடுத்துவிட்டு வருவது உத்தமம். எவ்வகைப் பாட்டரியானாலும் வைக்கோல், உரச் சாக்கு, பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகிலும், குழந்தைகள் உறங்கும் அறையிலும் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துச் செல்க. எழுத்து அழிந்திருந்தால் கருவியின் அடிப்புறத்திலோ, துவாரத்தின் அருகிலோ வோல்ட்டும் பிளஸ் மைனஸ் குறியும் பொறித்திருக்கும். அங்கும் இல்லையேல், கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு விளக்கப் புத்தகத்தைத் தேட வேண்டும்; அதன் பிரதி இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கும். ஊகத்தால் செருகிப் பார்ப்பது மட்டும் கூடாது.

அடாப்டர்களில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்று மத்திய அரசு 2012-இல் ஆணை பிறப்பித்தது. கணினிச் சாதனங்களுக்கும் ஒலி, ஒளிச் சாதனங்களுக்கும் உரிய அடாப்டர்கள் 2014-இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. அடையாளத்தோடு, 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட பதிவு எண் இருக்கும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டு, அது மெய்யானதா என்று கடையிலேயே நின்று சரிபார்க்கலாம். அடையாளமே இல்லாத மலிவுப் பெட்டிகளில், 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே போதிய தடுப்பு இராது. அந்தத் தடுப்பு உடைந்தால், காமிராவின் உலோகக் கூட்டைத் தொட்டவரை மின்சாரம் தாக்கும்.

பல முனைகளும், வோல்ட்டை மாற்றும் பித்தானும் கொண்ட பொது அடாப்டர்கள் விற்கிறார்கள். பழுது பார்ப்பவரின் மேசைக்கு அவை நல்லவை. பஞ்சாயத்து அலுவலகத்தில் நிரந்தரமாக வைப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். பெருக்க வருகிறவரின் துடைப்பம் பட்டு, 9-இல் இருந்த பித்தான் 12-க்கு நகர்ந்தால் யார் கவனிப்பார்கள்?

வாங்கிய அடாப்டரைக் கருவியில் மாட்டுமுன் சோதித்துக்கொள்ளலாம். பல்வகை மின் அளவி, அதாவது மல்டிமீட்டர், ஊர் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். அதை டி.சி. 20 வோல்ட் அளவில் நிறுத்தி, சிவப்பு ஊசியை முனையின் துளைக்குள்ளும் கறுப்பு ஊசியை வெளிப்புறத்திலும் தொடுக. எண் வெறுமனே வந்தால் நடுவே பிளஸ். முன்னால் கழித்தல் குறியோடு வந்தால் நடுவே மைனஸ். ஊசிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்க.

நல்ல அடாப்டரும் எதையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் புகக்கூடும். விளக்குகள் திடீரென்று அதிக வெளிச்சமாக எரிவது அதன் அறிகுறி. உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இடி முழங்கும்போது காமிரா, இணையப் பெட்டி ஆகியவற்றின் அடாப்டர்களைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதும் நலம்.

பதிவேட்டில் ஒரு வரி

பஞ்சாயத்துச் சொத்துப் பதிவேட்டில் காமிரா 4, ஒலிபெருக்கி 1 என்று எழுதுகிறோம். அடாப்டரைப் பற்றி ஒரு சொல்லும் இராது. கருவி வந்த அன்றே, எழுத்துக்கள் அழியாமல் இருக்கும்போதே, வெளியீட்டு வரியைப் பதிவேட்டில் அப்படியே பெயர்த்தெழுத வேண்டும்: வோல்ட் எத்தனை, ஆம்பியர் எத்தனை, ஏ.சி.யா டி.சி.யா, நடுவில் எது. கைபேசியில் அதைப் படம் பிடித்து வைத்தாலும் தகும். படம் ஒருவர் கைபேசியில் மட்டும் இருந்து, அவர் மாற்றலாகிப் போனால் பயனில்லை. கறுப்புப் பெட்டிகள் எல்லாம் ஒரே முகம் உடையவையாதலால், எது எதற்கு உரியது என்று ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிடுக.

நாம் சொன்ன பால் சங்கத்தில் இப்போது கருவிக்கு மேலே சுவரில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்: 12 வோல்ட், 5 ஆம்பியர், டி.சி., நடுவில் பிளஸ். அதன் அருகில், எலிக்கு எட்டாத தகரப் பெட்டியில், அதே அளவுள்ள மற்றோர் அடாப்டர் உறை பிரிக்காமல் இருக்கிறது.